ஏவுகலமும் எளிமையும்

(நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிக் கருங்கலில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

எனக்கு அளிக்கப்பெற்ற தலைப்பு 'அறிவியலும் இளைஞரும்' என்பது. நாள் முழுவதும் பேசினாலும் முடிவுறாத தலைப்பு அது. ஆகவே விழாக் குழுவினரின் இசைவு பெற்று, அதனை ஒரே பொருளாகச் சுருக்கிக்கொண்டேன். நம் படிப்பகத்தின் கணினி அறையில் ஓராண்டாக நம் பிள்ளைகள் ஆடிவருகின்ற ராக்கெட் விளையாட்டே அப்பொருள். அவ்விளையாட்டைக் கணினிகளிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று செயற்குழுவில் பேச்சு எழுந்திருப்பதை நான் அறிவேன். பெற்றோர் சிலருக்கும் அதே எண்ணம் உண்டு. சென்ற மாதம் ஓர் அம்மையார் என்னை வழியில் நிறுத்தி, "சாரே, பய படிக்கப் போறான்னு நெனச்சேன்; அங்க போய் வாணம் விட்டுட்டு இருக்கானாம்" என்று குறைப்பட்டார். அவருடைய கவலை நியாயமானதே. கூலி வேலைக்குப் போய்ப் பிள்ளையைப் படிக்க வைக்கும் தாய்க்கு அப்படிக் கேட்க உரிமையுண்டு. அவருக்கு வழியில் நின்றபடி என்னால் முழுமையாக விடை கூற இயலவில்லை. இன்று கூற விரும்புகிறேன்.

நான் வரலாற்றுப் பட்டதாரி; அறிவியல் ஆசிரியன் அல்லன். ஆயினும் ஏவுகலங்களின் கதை வரலாறுந்தானே. அந்த உரிமையில் பேசுகிறேன்.

முதலில், அவ்விளையாட்டு யாதென்று அறியாதவர்களுக்காக ஒரு சொல். கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது அதன் பெயர். மெக்சிகோ நாட்டு நிறுவனம் ஒன்று அதன் முதல் வடிவத்தை 2011-இலும் நிறைவுற்ற வடிவத்தை 2015-இலும் வெளியிட்டது. அதனை உருவாக்கிய ஃபெலிப்பே ஃபலாங்கே என்பவர், சிறுவராக இருந்தபோது தகரத்தாளில் சின்னஞ்சிறு பொம்மைகள் செய்து, வாணங்களில் வைத்துக் கட்டி வானில் விட்டு மகிழ்ந்தவர். அப்பொம்மைகளுக்கு அவர் இட்ட பெயரே கெர்பல். இவ்விளையாட்டில் பகைவர் இல்லை, துப்பாக்கி இல்லை. எரிபொருள் கலன், எந்திரம், துடுப்பு, கூம்பு ஆகிய உறுப்புகள் ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருக்கும். வேண்டியவற்றை எடுத்துப் பூட்டி ஓர் ஏவுகலத்தை அமைத்து ஏவ வேண்டும். ஈர்ப்பு விசை, காற்றின் தடை, எரிபொருள் குறையக் குறைய எடை குறைதல் ஆகிய யாவற்றையும் கணினி கணித்துக்கொண்டே இருக்கும். அமைப்புச் சரியெனில் கலம் ஏறும், பிழையெனில் கவிழும். கைபேசியில் ஆடத்தக்க இதுபோன்ற வேறு விளையாட்டுகளும் உள்ளன.

நான் சில மாலைப் பொழுதுகள் பின்னால் நின்று பார்த்தேன். நம் பையன்கள் அனைவரும் ஏறத்தாழ ஒரே வழியில் சென்றனர். ஒருவர் அமரும் சிறு கூண்டு ஒன்றை வானில் சுற்றவிட வேண்டும், இதுதான் வேலை. கலம் போதிய உயரம் ஏறவில்லை. உடனே, "சார், பக்கத்துக்கு ரெண்டு பூஸ்டர் வச்சாப் போயிடும்" என்பார்கள். வைத்தார்கள். எடை கூடிற்று. எடையைத் தூக்க மேலும் இரண்டு. இப்போது கலம் நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தை நிறுத்த இழுவைக் கம்பிகள். கம்பிகளின் எடைக்காக அடியில் இன்னும் பெரிய எந்திரம். முடிவில், கோவில் திருவிழா வெடிக்கட்டுப் போல ஒன்று எழுந்து, மூன்று கிலோமீட்டர் உயரத்தில் தலைகீழாகத் திரும்பிச் சிதறியது. கைத்தட்டல் என்னவோ பலமாகத்தான் இருந்தது!

அதே அறையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செய்ததையும் கண்டேன். கூண்டு, அதன் கீழ் ஒரு சிறு கலன், ஒரு சிறு எந்திரம், அதற்கும் கீழ் ஒரு பெரிய கலன், ஒரு பெரிய எந்திரம், அடியில் நான்கு துடுப்புகள். அவ்வளவுதான். பார்ப்பதற்குப் பென்சில் போல இருந்தது. பையன்கள் நகைத்தனர். மூன்றாம் முயற்சியில் அக்கலம் சுற்றுப்பாதையை அடைந்தது. பின்னர் எத்தனை முறை ஏவினாலும் அடைந்தது. அவள் கலம் ஏன் ஏறிற்று, மற்றவை ஏன் விழுந்தன என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

அதற்கு முன், நாம் இருக்கும் இடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கருங்கலிலிருந்து வடமேற்கே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் தும்பா இருக்கிறது. மீனவர் ஊராகிய அங்கிருந்துதான் 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் ஏறியது. மாதா கோவில் ஒன்று அலுவலகமாயிற்று. ராக்கெட் உறுப்புகள் மிதிவண்டியில் சென்றன. அந்த ராக்கெட் அமெரிக்காவினது. நாமே செய்த முதல் ராக்கெட்டாகிய ரோகிணி-75, 1967 நவம்பர் 20-இல் அதே தும்பாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் குறுக்களவு 75 மில்லிமீட்டர். ஓர் ஆள் கைக்குள் அடங்கும் குழாய்தான். இனிக் கிழக்கே திரும்பினால், மலைத்தொடருக்கு அப்பால் நாற்பது கிலோமீட்டருக்குள் மகேந்திரகிரி. பெரிய ஏவுகலங்களின் திரவ எந்திரங்களைத் தரையில் பிணைத்து வைத்து எரித்துச் சோதிக்கும் இடம் அது. இவ்விரண்டிற்கும் நடுவே நாம் குடியிருக்கிறோம். ராக்கெட் என்பது எங்கோ உள்ளவர்களின் தொழில் என்று நம் பிள்ளைகள் கருதுவதற்கு நிலப்படத்தில் சான்று ஏதுமில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். துணைக்கோள் ஒன்று கீழே விழாமல் புவியைச் சுற்ற வேண்டுமானால் உயரம் மட்டும் போதாது. பக்கவாட்டில் நொடிக்கு ஏறத்தாழ 7.8 கிலோமீட்டர் விரைவு வேண்டும். காற்றின் தடையும் ஈர்ப்பும் பிடுங்கிக்கொள்வதையும் சேர்த்தால் நொடிக்கு 9.4 கிலோமீட்டர் அளவிற்கு உந்துதல் தேவை. இந்த உந்துதலுக்கும் எரிபொருளின் அளவிற்கும் உள்ள தொடர்பை 1903-இல் வெளியிட்டவர் ருசிய நாட்டின் சியோல்கோவ்ஸ்கி. அவர் நம் இனத்தவர். அதாவது பள்ளி ஆசிரியர். சிறு வயதில் நச்சுக் காய்ச்சலால் செவித்திறன் குன்றியமையால் பள்ளிக்கூடம் செல்ல இயலாமல், மாஸ்கோ நூலகத்தில் அமர்ந்து தாமே படித்து ஆளானவர். படிப்பகம் நடத்தும் கழகத்தார் இதை மறவாதிருக்க வேண்டுகிறேன்.

அவருடைய கணக்கின்படி, எந்திரத்திலிருந்து வளி நொடிக்கு 3 கிலோமீட்டர் விரைவில் வெளியேறுவதாகக் கொண்டால், ஒரே அடுக்கில் விண்வெளி செல்லும் கலத்தின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் எரிபொருளாகவே இருக்க வேண்டும். கலன், எந்திரம், துணைக்கோள் எல்லாம் மீதமுள்ள நான்கரைப் பங்கிற்குள் அடங்க வேண்டும். இது மிகக் கடினம். ஆகையால்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகள் வைத்து, எரிந்து தீர்ந்ததைக் கழற்றி எறிந்துவிட்டுச் செல்கிறோம்.

அப்படியானால் அடுக்குகள் மிகுந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நம் பையன்கள் இடறுகிறார்கள். அடுக்கு ஒவ்வொன்றும் கூடும்போது பிரிய வேண்டிய இடம் ஒன்று கூடுகிறது. நடுவானில் பற்றவேண்டிய நெருப்பு ஒன்று கூடுகிறது. ஒவ்வொன்றும் பிழைபடக்கூடிய ஒரு வாய்ப்பு. கணக்காசிரியர் உதவியுடன் கரும்பலகையில் இதனைப் போட்டுப் பார்த்தோம். ஓர் எந்திரம் நூறு முறைக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக இயங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து எந்திரங்களும் பழுதின்றி இயங்கினால்தான் கலம் பிழைக்கும் எனில், அதன் வாய்ப்பு நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. முப்பது எந்திரங்கள் எனில் நூற்றுக்கு எழுபத்து நான்கு. ஒவ்வோர் எந்திரமும் மிக நல்லதே. ஆயினும் கலம் நான்கு முறைக்கு ஒரு முறை விழும்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நிலவுக்கு மனிதரை அனுப்ப அமெரிக்கர் கட்டிய சாட்டர்ன்-5 கலத்தின் முதல் அடுக்கில் எந்திரங்கள் ஐந்து. சோவியத் நாட்டார் அதே நோக்கத்திற்குக் கட்டிய என்-1 கலத்தின் முதல் அடுக்கில் முப்பது. அமெரிக்கர் தம் முதல் அடுக்கை முழுமையாகத் தரையில் பிணைத்து எரித்துச் சோதித்தனர். சோவியத்தார் தம் முதல் அடுக்கை அவ்வாறு முழுமையாகச் சோதிக்கவில்லை. 1969 முதல் 1972 வரை நான்கு முறை என்-1 ஏவப்பட்டது. நான்கு முறையும் முதல் அடுக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே அழிந்தது. மகேந்திரகிரியில் நடக்கும் பணியின் அருமை இதிலிருந்து விளங்கும்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இக்காலத்து ஃபால்கன்-9 கலத்தின் முதல் அடுக்கில் ஒன்பது எந்திரங்கள் உள்ளன. அது மிக நம்பகமான கலம் எனப் பெயர் பெற்றது. எனவே 'எந்திரம் மிகுந்தால் தோல்வி' என்று நான் சொன்னதாக எழுதிக்கொள்ள வேண்டாம். ஒன்பதில் ஒன்று நின்றாலும் மற்ற எட்டும் பணியை முடிக்குமாறு அதனை அமைத்திருக்கிறார்கள். 2012 அக்டோபரில் அவ்வாறே ஓர் எந்திரம் வழியில் செயலிழந்தும், சரக்குக் கூண்டு விண்வெளி நிலையத்தை அடைந்தது. ஒன்று கெட்டால் யாவும் கெடும் என்னும் அமைப்பு வேறு. ஒன்று கெட்டால் மற்றது தாங்கும் என்னும் அமைப்பு வேறு. நம் பையன்கள் பக்கத்தில் கட்டும் பூஸ்டர்கள் முதல் வகையைச் சேர்ந்தவை. இடப்பக்கத்துப் பூஸ்டர் நின்றால் வலப்பக்கத்துப் பூஸ்டரே கலத்தைக் கவிழ்த்துவிடும்.

மிடாலம் கடற்கரையில் கட்டுமரம் பார்த்திருப்பீர்கள். சில மரங்கள், கயிறு, துடுப்பு. ஆணியில்லை. கவிழ்ந்தாலும் மூழ்காது, கயிறு அறுந்தால் கரையிலேயே வேறு கயிறு கட்டலாம். அதில் கெட்டுப்போகக்கூடியது எது என்று மீனவரைக் கேட்டால் விரல்விட்டு எண்ணிச் சொல்வார். தம் கலத்தில் கெடக்கூடியவை எவை என்று விரல்விட்டு எண்ணிச் சொல்ல இயலுகிறதா என்பதை நம் மாணவர்கள் ஏவுமுன் பார்க்க வேண்டும்.

இனி நம் நாட்டுக் கலங்களின் கதைக்கு வருகிறேன். எஸ்.எல்.வி.-3 நம் முதல் ஏவுகலம். உயரம் 22 மீட்டர். எடை 17 டன். ஏற்றிச் செல்லக்கூடியது 40 கிலோ. நான்கு அடுக்குகள், நான்கிலும் திண்ம எரிபொருள். திண்ம எரிபொருள் என்பது வாணத்து மருந்தின் பெரிய உறவினர். பற்றவைத்தால் அணைக்க முடியாது, ஆனால் குழாயும் பம்பும் வேண்டாம். முதன்முதலில் கட்டுபவர்க்கு ஏற்ற தேர்வு. 1979 ஆகஸ்டு 10 அன்று அது ஏவப்பட்டது. முதல் அடுக்கு நன்கு எரிந்தது. இரண்டாம் அடுக்கைத் திசை தவறாமல் செலுத்துவதற்குரிய அமைப்பில் ஒரு வால்வு பழுதானமையால், அதற்கு வேண்டிய அமிலம் முன்னரே கசிந்து போயிற்று. கலம் கட்டுப்பாடிழந்து வங்கக் கடலில் விழுந்தது. ஒரு வால்வு! அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18-இல் அதே கலம், அதே அமைப்பு, ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. திட்ட இயக்குநராக இருந்த அப்துல் கலாம் அவர்களைத் தோல்வி நாளில் மறைத்துத் தாமே செய்தியாளரை எதிர்கொண்ட தலைவர் சதீஷ் தவான், வெற்றி நாளில் கலாம் அவர்களையே பேச அனுப்பினார் என்பதை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள்; விரிக்கவில்லை. நான் கருதச் சொல்வது வேறொன்று. முதல் கலம் விழுந்ததும் அவர்கள் புதுக் கலம் வரையவில்லை. எது கெட்டதோ அதை மட்டும் திருத்தி, மற்றதை அப்படியே விட்டார்கள்.

அடுத்து வந்த ஏ.எஸ்.எல்.வி. கலத்தின் கதையை நம் கணினி அறைச் சுவரில் எழுதி ஒட்டலாம். எஸ்.எல்.வி.-3 நாற்பது கிலோ தூக்கிற்று. 150 கிலோ தூக்க வேண்டும். என்ன செய்வது? அதே கலத்தின் இரு பக்கத்திலும் இரண்டு பூஸ்டர்கள் கட்டுவது! நம் பையன்கள் செய்ததே. ஆனால் செய்தவர்கள் தேர்ந்த அறிஞர்கள். 1987 மார்ச் 24 அன்று முதல் ஏ.எஸ்.எல்.வி. எழுந்தது. பக்கத்துப் பூஸ்டர்கள் எரிந்து தீர்ந்ததும் நடு அடுக்கு பற்ற வேண்டும், பற்றவில்லை. 1988 ஜூலை 13-இல் இரண்டாவது. வளிமண்டலத்தில் கட்டுப்பாட்டு வலிமை போதாமல் அதுவும் அழிந்தது. 1992 மே 20-இல் சென்ற மூன்றாவதுதான் துணைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. எளிய கலத்தோடு இரண்டு பொருள்களைச் சேர்த்தால், வருவது பழைய கலத்தோடு இரண்டு பொருள்கள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் வருவது முற்றிலும் புதிய கலம். அதனை முதலிலிருந்து அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்த உழைப்பு வீண் போகவில்லை. பி.எஸ்.எல்.வி. கலத்தைப் பாருங்கள். 44 மீட்டர் உயரம், 320 டன் எடை. அதன் முதல் அடுக்கைச் சுற்றியுள்ள ஆறு பூஸ்டர்கள் எஸ்.எல்.வி.-3-இன் முதல் அடுக்கு வழி வந்தவை. அதன் இரண்டாம் அடுக்கிலுள்ள விகாஸ் எந்திரமே பின்னர் ஜி.எஸ்.எல்.வி.-யிலும், எல்.வி.எம்.-3-இலும் பணிபுரிகிறது. நன்றாக ஓடிய உறுப்பை அவர்கள் கைவிடுவதில்லை. சுமை குறைவாயின் ஆறு பூஸ்டர்களையும் கழற்றிவிட்டு நடுக்கலத்தை மட்டும் அனுப்புகிறார்கள். 2007 ஏப்ரல் 23-இல் அவ்வாறு முதன்முதலாகச் சென்றது. நாற்பது பேர் செல்லும் பேருந்தை ஒருவருக்காக எடுக்க வேண்டாம் என்பதுபோல. இந்தக் கலமும் 1993 செப்டம்பர் 20-இல் முதல் முயற்சியில் தோற்றது. 1994 அக்டோபர் 15-இல் வென்றது. 2008-இல் சந்திரயானையும் 2013-இல் மங்கள்யானையும் சுமந்தது. அத்துணைப் பழகிய கலமுங்கூட 2025 மே 18-இல் மூன்றாம் அடுக்கில் அழுத்தம் குறைந்து துணைக்கோளை இழந்தது. நம்பகம் என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பட்டயம் அன்று.

நான் மிக விரும்பிச் சொல்ல வந்தது சிறு துணைக்கோள்களுக்கென அமைந்த எஸ்.எஸ்.எல்.வி. பற்றியே. 34 மீட்டர், 120 டன். மூன்று திண்ம அடுக்குகள். விரைவைச் சரிசெய்ய மேலே ஒரு சிறு திரவப் பகுதி. செலவு குறைவாக, சில நாள்களில் பூட்டி ஏவத்தக்கதாக, எளிமையையே நோக்கமாகக் கொண்டு வரையப்பட்ட கலம். 2022 ஆகஸ்டு 7 அன்று அதன் முதல் பயணம். அதில் ஆசாதிசாட் என்னும் எட்டுக் கிலோ துணைக்கோள் ஒன்று சென்றது. நாடெங்கும் உள்ள எழுபத்தைந்து அரசுப் பள்ளிகளின் 750 மாணவியர் அதன் கருவிகளை அமைத்திருந்தனர். நம்மைப் போன்ற பள்ளிகள். நம் பிள்ளைகளைப் போன்ற பிள்ளைகள்.

மூன்று திண்ம அடுக்குகளும் குறையின்றி எரிந்தன. இரண்டாம் அடுக்கு பிரிந்தபோது மட்டும் எதிர்பாராத அதிர்வு ஒன்று சிறிது நேரம் எழுந்தது. விரைவு மாற்றத்தை அளக்கும் முடுக்கமானிகள் அந்த அதிர்ச்சியில் தம் அளவின் எல்லையை எட்டின. கலத்தின் கணினி, 'இக்கருவிகள் யாவும் கெட்டுவிட்டன' என்று முடிவு கட்டிற்று. உண்மையில் அவை கெடவில்லை. ஆயினும் கணினி அவற்றை ஒதுக்கிவிட்டு, ஆபத்துக்காலத்திற்கென வகுத்த வழியில் கலத்தைச் செலுத்தியது. 356 கிலோமீட்டர் வட்டப் பாதைக்குப் பதிலாக, ஒரு முனை 356, மறுமுனை 76 கிலோமீட்டர் என்னும் நீள்வட்டத்தில் துணைக்கோள்கள் விடப்பட்டன. எழுபத்தாறு கிலோமீட்டரில் காற்று உண்டு. அங்கே எதுவும் நிலைக்காது. மாணவியரின் துணைக்கோள் அன்றே அழிந்தது.

மாணவ மாணவியரே, நம் வீடுகளில் ஒரு தோல்வியின் விலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் ஒருமுறை தவறினால் அடுத்த திங்களே செங்கல் சூளைக்கோ, ரப்பர் தோட்டத்திற்கோ, கொத்தனாரிடம் கையாளாகவோ அனுப்பப்படுகிறோம். 'உனக்குப் படிப்பு ஏறாது' என்று ஊர் சொல்லும், நாமும் நம்பிவிடுவோம். எதனால் தவறிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் முப்பது நாள் மஞ்சள்காமாலையோ, கண்ணாடி இல்லாத கண்ணோ, ஒரே ஒரு பாடமோ காரணமாக இருந்திருக்கும். முடுக்கமானி கெட்டது என்று நினைத்த கணினியைப் போலவே, நல்ல பிள்ளையைக் கெட்டது என்று ஒதுக்கிவிடுகிறோம்.

அங்கே என்ன நடந்தது? அதிர்வு எங்கிருந்து வந்தது என்று கண்டார்கள். அதிர்வு குறைந்த பிரிப்பு முறையை வைத்தார்கள். கருவி கெட்டதென்று முடிவு கட்டுமுன் கணினி இன்னும் சற்றுப் பொறுக்குமாறு மாற்றினார்கள். ஆறே திங்களில், 2023 பிப்ரவரி 10-இல், இரண்டாம் எஸ்.எஸ்.எல்.வி. ஏறியது. மாணவியர் மீண்டும் செய்த ஆசாதிசாட்-2 அதில் சென்று சுற்றுப்பாதையை அடைந்தது. 2024 ஆகஸ்டு 16-இல் மூன்றாவதும் வென்றது.

இனி அந்த அம்மையாரின் கேள்வி: இது படிப்பா, விளையாட்டா? ஏவுகலம் ஒன்றை உண்மையில் ஏவுமுன் அதனைக் கணினியில் பலமுறை ஏவிப் பார்ப்பது ஐ.எஸ்.ஆர்.ஓ.-வில் அன்றாடப் பணி. அதற்கென சித்தாரா என்னும் பாவனை மென்பொருளை உருவாக்கியவர் நாகர்கோவிலுக்கு அண்மையிலுள்ள சரக்கல்விளையில் உழவர் குடும்பத்தில் பிறந்து, தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்ற கே. சிவன் அவர்கள். ஏவும் நாளின் காற்றுக்கேற்பக் கலத்தின் பாதையை அன்றே திருத்தும் முறையையும் வகுத்தவர். 2018 முதல் 2022 வரை ஐ.எஸ்.ஆர்.ஓ.-வின் தலைவராக இருந்தார். 2025 சனவரியில் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் அவர்களும் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளையில் பிறந்து தமிழ்வழி படித்தவரே. நம் பிள்ளைகள் ஆடுவது அந்தப் பணியின் மழலை வடிவம். மழலையை நிறுத்திவிட்டுப் பேச்சை எதிர்பார்க்க முடியாது.

ஆனால் விளையாட்டின் குறைகளையும் அறிந்தே ஆட வேண்டும். கெர்பல் உலகத்தின் ஆரம் 600 கிலோமீட்டர்; நம் புவியின் ஆரம் ஏறத்தாழ 6,370. அங்கே சுற்றுப்பாதைக்கு நொடிக்கு 2.3 கிலோமீட்டர் விரைவு போதும். அங்கே இரண்டு அடுக்கில் எளிதாக நடப்பது இங்கே அவ்வளவு எளிதில் நடவாது. இன்னொரு குறை இதனினும் பெரிது. விளையாட்டில் வால்வு கசிவதில்லை. வரைவு சரியெனில் கலம் நூறு முறையும் ஏறும். எஸ்.எல்.வி.-3-ஐ வீழ்த்திய கசிவும், எஸ்.எஸ்.எல்.வி.-யை ஏமாற்றிய அதிர்வும் அவ்வுலகில் இல்லை. ஆகையால் முப்பது எந்திரக் கலமும் அங்கே சிலவேளை வென்றுவிடும். வென்றதை நம்பி ஏமாறக்கூடாது.

ஆடுவோர்க்குச் சில குறிப்புகள் கூறுகிறேன். மேலிருந்து கீழாகக் கட்டுங்கள்: முதலில் சுமை, பிறகு அதனைத் தூக்கப் போதுமான அடுக்கு, பிறகு அதனைத் தூக்கப் போதுமானது. புறப்படும்போது உந்துவிசை மொத்த எடையைப் போல ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருந்தால் போதும்; மிகுந்தால் அடர்ந்த காற்றோடு மோதி எரிபொருள் வீணாகும். பாரம் மேலேயும் துடுப்பு கீழேயும் இருக்கட்டும். தீபாவளி வாணத்தின் குச்சியை ஒடித்துவிட்டு விட்டுப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். 1780-இல் பொள்ளிலூர்ப் போரில் ஐதர் அலியின் படை ஏவிய இரும்புக்குழாய் வாணங்களுக்கும் நீண்ட மூங்கிலே திசை காத்தது. எழுந்த சிறிது நேரத்திலேயே கிழக்கே மெல்லச் சாயத் தொடங்குங்கள். நிலநடுக்கோட்டருகே புவியின் சுழற்சி நொடிக்கு 465 மீட்டர் விரைவை இலவசமாகத் தருகிறது. ஏவுமுன், எது எப்போது பற்றும், எது எப்போது பிரியும் என்ற வரிசையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். எந்திரம் பற்றும்போதே பாராசூட்டும் விரிந்த கலங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆடியவர்கள் இந்த அரங்கிலேயே சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். யாவற்றிலும் முதன்மையானது: ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றி வென்றால் எதனால் வென்றோம் என்று தெரியாது.

கழகப் பொறுப்பாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. விளையாட்டை நீக்க வேண்டாம். கணினியருகே ஒரு குறிப்பேடு வைப்போம். ஏவுமுன் கலத்தின் படத்தையும், எடையையும், எங்கே கெடக்கூடும் என்பதையும் எழுத வேண்டும். விழுந்தபின் எந்த உயரத்தில், எந்த அடுக்கில், எதனால் விழுந்தது என்றும், அடுத்து எதை மாற்றப் போகிறார் என்றும் எழுத வேண்டும். எழுதாதவர்க்கு மறுமுறை கணினி இல்லை. பள்ளித் தேர்வு நடக்கும் திங்களில் அறையைப் பூட்டிவிடலாம். அதில் எனக்கு மறுப்பில்லை. பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். இப்போது பையன்கள் இருக்கையை விட்டு எழுவதில்லை.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரபட்டினத்தில் எஸ்.எஸ்.எல்.வி. கலங்களுக்கென ஏவுதளம் அமைக்க 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைந்து செல்ல வேண்டும். சிறு கலத்திற்கு அவ்வளைவே பெருஞ்செலவு. குலசேகரபட்டினத்திலிருந்து தெற்கே நேராகக் கடல்தான். அங்கே பொறியாளர் மட்டுமன்று, பற்றவைப்போர், பொருத்துநர், மின்பணியாளர், அளவு பார்ப்போர் எனப் பலரும் தேவைப்படுவர். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் சேர விரும்பும் மாணவர்கள் உரை முடிந்ததும் என்னைக் காணலாம். விண்ணப்ப விவரங்கள் கொண்டுவந்துள்ளேன். குறிப்பேடு ஒன்றும் வாங்கி வந்திருக்கிறேன். இருநூறு பக்கம். முதல் பக்கத்தில் அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி தன் கலத்தின் படத்தை வரைந்து தந்திருக்கிறாள். விழுந்த இரண்டு முறையும் எதனால் விழுந்தது என்பதையும் எழுதியிருக்கிறாள். அடுத்த பக்கம் காலியாக உள்ளது.